நடைவழித் தூரம்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். ஜன்னலோரத்தில் உட்காருங்கள், முகம் வெளிச்சத்தில் தெரியட்டும். காபி தருகிறேன். தருவதால் உங்களை நம்பிவிட்டேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். பெயர் ராயப்பன் என்கிறீர்கள். என் கணவரைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது. கடைத்தெருவில் நந்தகோபாலு வைத்திருக்கும் மதுக்கடைக்குப் பெட்டிகள் ஏற்றி வருகிற வண்டியின் ஓட்டுநருக்கும் ராயப்பன் என்றுதான் பெயர். அது நீங்கள் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். இந்த ஆறு மாதங்களில் என்னிடம் 'அது நான் இல்லை' என்று சொல்லாதவர் எவரும் இல்லை.

அவர் கீழே, கடைக்குள் இருக்கிறார். காலை எட்டு மணிக்குத்தான் முதல் சரக்கு வந்து இறங்கியது. பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் மேலே வருவார். அதுவரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எதையோ மறைக்க வந்தவர்கள்தாம் அப்படி வாசலைப் பார்த்தபடி உட்காருவார்கள்.

நான் பேசுவது புத்தகம் படிப்பது போல இருக்கிறதா? பலரும் சொல்வார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் நடத்திய வாய் இது. நிரந்தரப் பணி இல்லை, மணிக்கணக்கில் ஊதியம். ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஜூனில் திரும்ப அழைப்பார்கள். இருபத்து மூன்றாவது ஜூனில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் அழைத்தார்கள். அதுவும் எனக்கு முன்னால் வேறு எவருக்கோ போர்த்திய பொன்னாடை. ஓரத்தில் சந்தனக் கறை இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். இனி எவரும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாத ஓர் இடத்தில்தான் நான் உட்காருவேன். அந்த இடம் என் வீட்டின் கீழ்த்தளமாகவே இருந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

ஏன் மதுக்கடை என்று கேட்கத் தோன்றுகிறது உங்களுக்கு. கேட்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது எனக்குச் சந்தேகத்தையே தருகிறது. எல்லோரும் கேட்டார்கள். விலை ஏறினாலும் தேவை குறையாத பண்டங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உப்பு, மருந்து, மது. விலையை இரட்டிப்பாக்குங்கள், குடிக்கிறவன் மனைவியின் தோட்டை விற்றாவது குடிப்பான். அதைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தக் கோட்டை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் இல்லை. நமது புதுச்சேரியிலோ தனி மனிதர்கள் உரிமம் பெற்று மதுக்கடை வைக்கலாம். எல்லையைத் தாண்டினால் கடலூர்ப் பக்கத்தில் அது நடக்காது. இந்தப் பக்கம் பிறந்துவிட்டு அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பது அறியாமை.

ஒரு பெண் வைக்கலாமா என்றார்கள். நந்தகோபாலு நடுத்தெருவில் நின்று, என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார்: "டீச்சரம்மா கட தெறக்குறாங்களாம்டா. இனிமே பரீட்ச வச்சி பாஸானாத்தான் பாட்டிலு!" நான் நின்று பதில் சொன்னேன்: "தேறாதவர்களை உங்கள் கடைக்கு அனுப்புகிறேன், கவலைப்பட வேண்டாம்." சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்தே அவர் பெயரை என் மனத்தில் முதலாவதாக எழுதி வைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் தையில் கொடுத்தேன். மாசியில் கலால் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். இன்னார் இன்ன இடத்தில் மதுக்கடை வைக்க உரிமம் கேட்டிருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று. புனிதவதி, எம்.ஏ., எம்.ஃபில். என்று என் பெயரைப் பட்டங்களுடன் போட்டிருந்தார்கள். பதினான்கு நாட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் ஒரு கடிதம் போயிருக்கிறது. கையெழுத்து இல்லை, முகவரி இல்லை. மொட்டைக் கடிதம். அதன் நகல் இந்தக் கோப்பில் இருக்கிறது. படிக்கிறேன், கேளுங்கள்.

"பள்ளியின் கிழக்கு வாயிலிலிருந்து மேற்படி கட்டடத்தின் வாசல் வரை நடைவழித் தூரம் தொண்ணூற்றேழு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் மட்டுமே உள்ளது. விதிப்படி நூறு மீட்டர் தேவை. மேலும், மேற்படி கட்டடத்தின் மாடியில் வசிக்கும் ஒருவருக்கு இந்தக் கடை நல்லதல்ல. அய்யா அவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்."

கேட்டீர்களா? 'மாடியில் வசிக்கும் ஒருவருக்கு நல்லதல்ல.' மாடியில் வசிப்பது யார்? நான். இது மிரட்டல். மரியாதையான மொழியில் எழுதப்பட்ட மிரட்டல். அதனால்தான் இன்னும் ஆபத்தானது. ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்? வெயில் கண்ணில் படுகிறதா?

என் கணவர் கலிவரதன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தை அவரிடம் காட்டி, இந்தக் கணக்கு சரியா என்று கேட்டேன். நாளிதழிலிருந்து தலையை எடுக்காமலே, "சரியாத்தான் இருக்கும்" என்றார். அளந்து பார்க்க வேண்டாமா என்றேன். "வேணாம் புனிதா. சரியாத்தான் இருக்கும்." முப்பது ஆண்டுகள் நிலத்தை அளந்தவருக்குக் கண்ணே நாடா. அந்தத் திறமையை நான் எப்போதும் மதித்திருக்கிறேன்.

ஆனால் எழுதியது யார்? நந்தகோபாலு எழுதியிருக்க முடியாது. அவருக்கு 'மேற்படி' என்ற சொல்லே வராது. சொல்லி எழுதவைத்திருக்கலாம். அடுத்து, பள்ளியின் தலைமையாசிரியை லூர்து. நேரே போய்க் கேட்டேன். நாங்கள் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். எனக்கு அவளிடம் சுற்றி வளைக்கத் தெரியாது. "நீ எழுதினாயா?"

"நான் எழுதுனா கையெழுத்து போடாம எழுதுவனா? என் கையெழுத்து எவ்ளோ அழகுன்னு உனக்குத் தெரியாது? நாலு எடத்துல போட்டிருப்பேன்" என்றாள். பிறகு, "எழுதலாம்னுதான் இருந்தேன். எனக்கு முந்தி எவனோ எழுதிட்டான். நல்லா இருக்கணும் அவன்" என்றாள். கோபப்படுவதா, நம்புவதா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பாதி நம்பினேன்.

காவல் நிலையத்துக்கும் போனேன். என் கணவரும் கூட வந்தார். அங்கிருந்த உதவி ஆய்வாளர் சின்ன வயதுக்காரர், கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னை விட்டு இவரைப் பார்த்துக் கேட்டார்: "யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்கா சார்?" இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எழுதுனவன் கெட்டவனா இருக்க மாட்டான் சார். பயந்தவனா இருப்பான்." இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு எப்படிப் புகார் கொடுப்பது? வெளியே வந்ததும் சொன்னேன், உங்கள் நல்லெண்ணத்தை நீங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று. எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

கலால் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மொட்டைக் கடிதத்தில் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்பதையெல்லாம் பார்க்க முடியாது. தூரத்தை மட்டும் நேரில் அளந்துவிடலாம் என்றார் அதிகாரி. நியாயமான மனிதர். பங்குனி பதினெட்டாம் தேதி அளவு என்று முடிவாயிற்று.

இப்போது கவனியுங்கள். நடைவழித் தூரம் என்றால் நேர்கோடு அல்ல. மனிதர் நடந்து செல்லும் வழி. பள்ளிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதன் குறுக்கே பழைய கருங்கல் ஒன்று கிடந்தது. எல்லோரும் அதில் கால் வைத்துத் தாண்டுவார்கள். அந்தக் கல் வழியாக வந்தால்தான் தொண்ணூற்றேழு நாற்பது. கல் இல்லாவிட்டால் சிறுபாலத்தைச் சுற்றி வர வேண்டும், நூற்றாறு. நான் என்ன செய்தேன்? சட்டத்தை மீறவில்லை. அந்தக் கல்லில் விரிசல் இருக்கிறது, பிள்ளைகள் தவறி விழுவார்கள் என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தேன். விரிசல் உண்மை. வந்து பார்த்தார்கள், எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அங்கே ஒரு பலகை கிடக்கிறது. சென்ட்ரிங் போடுகிற பலகை. கல் கிடந்த அதே இடத்தில், அதே கோணத்தில், ஆடாமல் இருக்க இரு பக்கமும் செங்கல் வைத்து. எடுத்து எறிந்தேன். அடுத்த நாள் மறுபடியும். மறுபடியும் எறிந்தேன். நான்காம் நாள் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படிக்குக் கீழே போட்டு, கம்பிக்கதவைப் பூட்டினேன். ஐந்தாம் நாள் விடிந்து பார்த்தால் அதே பலகை, சாக்கடையின் மேல்! என் வீட்டுக்குள் நுழைந்து எடுத்திருக்கிறான்! பூட்டு உடையவில்லை, கம்பி வளையவில்லை. எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும்? அன்றே புதுப் பூட்டு வாங்கினேன். ஒரு சாவி எனக்கு, ஒரு சாவி இவருக்கு. பலகை அதற்குப் பிறகும் போயிற்று.

கடைசியில் இவரையே காவலுக்கு வைத்தேன். எப்படியும் விடியற்காலையில் நடக்கப் போகிறவர்தானே? சாக்கடைப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள் என்றேன். வைத்திருந்தார். தினமும் திரும்பி வந்து, "யாரையும் பாக்கல புனிதா" என்பார். பலகை மட்டும் இருக்கும். எனக்கு இவர் கண்ணில் சந்தேகம் வந்து மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஒரு குறையும் இல்லை என்றார். நான் விடவில்லை, வற்புறுத்திப் புதுக் கண்ணாடி எழுதி வாங்கினேன். இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறார், பாவம், தலை வலிக்கிறது என்கிறார்.

சிரிக்கிறீர்களா? இல்லை. சிரிக்கவில்லை. சரி.

அளவு நாளில் காலை ஏழு மணிக்கே நான் போய் நின்று பலகையை அப்புறப்படுத்தினேன். அளக்க வந்த சர்வேயர் புருஷோத்தமன் ஒரு காலத்தில் இவரிடம் வேலை கற்றவர். நாடாவின் ஒரு முனையை இவரிடமே நீட்டினார். "புடிங்கண்ணே. கை மறந்திருக்காது." இவர் வாங்கிக்கொண்டு பள்ளி வாயிலிலிருந்து நடந்தார். நேரே நடந்து சாக்கடை ஓரத்தில் போய் நின்றுவிட்டார். சிறுபாலத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னண்ணே?"

"இங்கதான் எல்லாரும் தாண்டுவாங்க, புருஷோத்தமா. எப்பவும் இங்கதான் தாண்டுவாங்க."

நான் குறுக்கிட்டேன். "கல் எங்கே? பலகை எங்கே? சாக்கடையைத் தாண்டுவது நடையா, குதிப்பா? விதியில் நடைவழி என்றுதானே இருக்கிறது?" புருஷோத்தமன் சிரித்துவிட்டார். "அண்ணி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு பாலத்தைச் சுற்றினார். இவர் இன்னும் அங்கேயே நின்றார், கையில் நாடா தொங்க. "சுற்றி வாருங்கள், எல்லோரும் காத்திருக்கிறார்கள்" என்றேன். வந்தார். நூற்றாறு மீட்டர் பத்து சென்டிமீட்டர். சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. இவரைப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கி நெடுநேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக ஓர் அளவைத் தாளில் கையெழுத்திடுகிறார்; உணர்ச்சிவசப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். போட்டார்.

வைகாசியில் உரிமம் வந்தது. எதிரிகள் எல்லோரும் தோற்றார்கள். எழுதியவன் யார் என்று மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பேன்.

காபியைக் குடியுங்கள், ஆறிவிட்டது. இப்போதாவது சொல்லுங்கள். நீங்கள் யார்? இவருக்கு நண்பர்கள் கிடையாது. அலுவலகத்து ஆட்களை நான் அறிவேன். உறவில் ராயப்பன் என்று எவரும் இல்லை.

என்ன கூட்டம்? வியாழக்கிழமைக் கூட்டமா?

ஓ. மாதா கோயிலுக்குப் பின்னால், அந்தக் கூடத்தில். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது. அந்தக் கூட்டத்துக்காரரா நீங்கள்? அப்படியானால் தொலைபேசியில் நான்கைந்து முறை அழைத்தவரும் நீங்கள்தான். எடுத்தது நான். வீட்டில் இல்லை என்று சொன்னதும் நான்தான். அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். மறைக்க மாட்டேன்.

தெரிந்துதானே வந்திருக்கிறீர்கள்? அப்படியானால் வெளிப்படையாகவே பேசலாம். ஆம், குடித்தார். ஒரு காலத்தில் காலையிலேயே குடித்தார். அளக்கப் போன வயலில் விழுந்து கிடந்தார் என்று பணியிடை நீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டு மனு பதினேழு பக்கம், எழுதியது நான். வேலையைத் திரும்பப் பெற்றது நான். பதினொரு ஆண்டுகளாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அதற்கு நீங்கள் காரணம் என்று நினைக்கிறீர்களா? வாரம் ஒரு மணி நேரம் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, இன்றும் குடிக்கவில்லை, இன்றும் குடிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதா காரணம்? அவருக்கு நான் ஒரு முறை தெளிவாக விளக்கினேன். புரிந்துகொண்டார். நிறுத்தினார். அவ்வளவுதான்.

தையில் விண்ணப்பம் கொடுத்த அன்று, இனி அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றேன். உரிமம் கேட்கிறவளின் கணவர் அங்கே போய் வருவதை நந்தகோபாலு பார்த்தால் சும்மா விடுவாரா? இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றிருந்தார். "வாரத்துல ஒரு மணி நேரம்தானே புனிதா" என்றார். "பதினொரு ஆண்டுகள் பேசினீர்கள், இன்னும் பேச என்ன மிச்சம்?" என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டினார். தவறு என்ன இதில்? நீங்களே சொல்லுங்கள். பதினொரு ஆண்டுகள் என்பது நோய் தீர்ந்ததற்குப் போதுமான சான்று இல்லையா?

இல்லை என்கிறீர்கள். பதினொரு ஆண்டுகள் என்று ஒன்று கிடையாது, இன்று ஒரு நாள்தான் உண்டு என்கிறீர்கள். இதை அவரும் சொல்வார். மந்திரம் போல.

கடைக்கு அவரைப் பொறுப்பாக வைக்காமல் வேறு யாரை வைப்பேன்? இந்த ஊரில் ஒருவரையாவது நம்ப முடியுமா? விற்க வருகிறவன் குடிப்பான், குடிக்காதவன் திருடுவான், திருடாதவன் நந்தகோபாலுவுக்கு ஆள். இவர் ஒருவர்தான் தொடாதவர். இன்று காலை பெட்டிகள் இறங்கியதும், உதவிக்கு நானும் இருக்கிறேன் என்றேன். "நீ மேல போ. நானே பாத்துக்கறேன்" என்றார். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்! ஷட்டரையும் இறக்கிக்கொண்டார், தூசி வருமாம்.

என்ன சொன்னீர்கள்?

அவர் உங்களை அழைத்தாரா? இன்றைக்கா? இல்லை, இருக்க முடியாது. எண்ணைக் காட்டுங்கள். நேரம் எட்டு நாற்பது. இது அவர் எண்தான். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லையா? எதுவும் பேசாமலா? மூச்சு மட்டும் கேட்டது என்றால் என்ன பொருள்? பிறகு? பிறகு எடுக்கவில்லையா?

அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? ஒரு மணி நேரமாக நீங்கள் இங்கே உட்கார்ந்து... இல்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான்தான் உட்காரச் சொன்னேன்.

பத்து மணிக்குக் காபி எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஷட்டரைத் தட்டினேன். "வை, அப்புறம் குடிக்கிறேன்" என்றார். குரல் கொஞ்சம் குழறியிருந்தது. களைப்பு என்று நினைத்தேன். ராயப்பன், களைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? களைப்பிலும் குரல் அப்படி ஆகும். அடுக்குவது எளிய வேலை இல்லை. வயது அறுபத்தொன்று.

ஓடாதீர்கள். படி செங்குத்து, பார்த்து இறங்குங்கள். அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். கம்பிக்கதவு திறந்துதான் இருக்கிறது. காபி இங்கேயே இருக்கிறது, பாருங்கள். தொடவே இல்லை.

நீங்கள் தட்டாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் வெட்கப்படுவார். சற்று நகருங்கள். நான் தட்டினால் திறப்பார். எனக்கு எப்போதும் திறப்பார்.

ஏங்க.

ஏங்க, நான்தான். புனிதா. உங்க ஃப்ரெண்டு வந்திருக்காரு, ராயப்பன். வியாழக்கெழம ராயப்பன். நானே கூட்டிட்டு வந்திருக்கேன்.

ஒண்ணும் கேக்க மாட்டேங்க. சத்தியமா ஒரு கேள்வி கேக்க மாட்டேன். தொறங்க.